ஜோகூர் தண்ணி பத்தி வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்தா என்ன செய்யலாம்

சிங்கப்பூர்ல நாங்க குடிக்கிற தண்ணில ஒரு பங்கு மலேசியாவோட ஜோகூர் மாநிலத்துல இருந்து வருது. அந்த ஜோகூர் தண்ணி விஷயம் நியூஸ்ல வந்தாலே எங்க குடும்ப குரூப் சூடாயிடும். "மலேசியா நிறுத்திட்டா என்ன பண்றது"ன்னு ஆரம்பிச்சு நாலாவது மெசேஜ்லயே "இங்க இருக்குற மலாய்க்காரங்க யாரு பக்கம் நிப்பாங்க"ன்னு வந்துடும். எனக்கு பயம் தண்ணி நிக்கிறத பத்தி இல்ல, அந்த நாலாவது மெசேஜ பத்திதான். அதனால எனக்கு உதவின சில விஷயங்கள எழுதுறேன்.

முதல்ல ரெண்டு நாட்டுக்கும் நடுவுல இருக்குற தண்ணி ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க, பாதி பயம் அதுலயே போயிடும். இப்ப நடப்புல இருக்குறது 1962-ல போட்டது, 2061 வரைக்கும் செல்லும். ஜோகூர் ஆத்துல இருந்து நாம ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரைக்கும் எடுக்கலாம், 1000 கேலனுக்கு 3 சென் (மலேசியக் காசு). அதுல ஒரு பங்க சுத்திகரிச்சு 1000 கேலன் 50 சென்னுக்கு ஜோகூருக்கே திருப்பி விக்கிறோம். சண்டை வர்றது பெரும்பாலும் இந்த 3 சென்னுக்குத்தான். விலைய மாத்திக் கேக்குற உரிமை இன்னும் இருக்குன்னு மலேசியா சொல்லுது, 1987-லயே கேட்டிருக்கணும், அந்த வாய்ப்பு போயிடுச்சுன்னு சிங்கப்பூர் சொல்லுது. 1965-ல மலேசியாவுல இருந்து சிங்கப்பூர் பிரிஞ்சப்போ இந்த ஒப்பந்தத்துக்கு உத்தரவாதம் எழுதி ஐநா சபையில பதிவும் பண்ணியாச்சு. ஆக இது ரெண்டு அரசாங்கத்துக்கு நடுவுல இருக்குற கணக்கு, இதுல எந்த இனத்தோட பேரும் இல்ல.

அப்புறம் அந்த மெசேஜுக்கு பதில். குரூப்லயே பெரியவங்கள மடக்காதீங்க, மானப் பிரச்சனையாகி பேச்சு இன்னும் நீளும். தனியா போன் போடுங்க. நான் எங்க சித்தப்பாவுக்கு போட்டேன். "சித்தப்பா, ஜோகூர்ல மாசாய்ல இருக்குற நம்ம அத்தை வீட்டுக்கும் ஜோகூர் தண்ணிதானே வருது, அதுக்காக அத்தை இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு யாராச்சும் கேட்டா நமக்கு எப்படி இருக்கும்"னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் அவரே அந்த மெசேஜ அழிச்சுட்டாரு.

பிள்ளைங்ககிட்ட தண்ணி இல்லாம போன கதை, இனக் கலவரக் கதை ரெண்டையும் சேர்த்தே சொல்லணும். 1942 ஜனவரி 31-ல ஜப்பான்காரன் வராம இருக்க பிரிட்டிஷ்காரங்க ஜோகூர் பாலத்த வெடி வச்சு ஒடைச்சாங்க, அதோட தண்ணிக் குழாயும் போச்சு, பிப்ரவரி 15-ல சரணடைஞ்சாங்க. 1963-ல வறட்சி வந்து பத்து மாசம் தண்ணிப் பங்கீடு நடந்துச்சு. அது முடிஞ்ச 1964-லயே, ஜூலை 21, சிங்கப்பூர்ல மலாய்க்காரங்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம், அந்த ஜூலைல மட்டும் 23 பேர் செத்தாங்க. தண்ணிதான் கலவரத்துக்குக் காரணம்னு நான் சொல்லல, காரணம் அரசியல். ஆனா குழாய் காஞ்ச வருஷமும் அக்கம்பக்கத்துக்காரன பாத்து பயந்த வருஷமும் இவ்வளவு பக்கத்துல இருந்துருக்கு, அது பிள்ளைங்களுக்குத் தெரியணும். நியூவாட்டர் (கழிவுத் தண்ணிய சுத்திகரிச்சு எடுக்குறது), கடல்தண்ணிய குடிதண்ணி ஆக்குற ஆலை, மரினா அணைக்கட்டு எல்லாம் ஸ்கூல்லயே சொல்லித் தர்றாங்க, அத நான் விட்டுடுறேன்.

கடைசியா உங்க மாடி, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். ஒரு தடவ எங்க ப்ளாக்ல குழாய் ஒடைஞ்சு காலைல இருந்து தண்ணி இல்ல, கீழ வாய்ட் டெக் (ப்ளாக்குக்கு அடியில இருக்குற திறந்த தளம்) பக்கம் தண்ணி வண்டி வந்து நின்னுச்சு. முட்டி வலியோட நான் லிஃப்டுக்கு நிக்கிறப்ப பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) அவங்க சிவப்பு வாளியோட என் வாளியையும் பையன்கிட்ட குடுத்து, ரெண்டையும் நிரப்பி எங்க கேட் முன்னாடி வைக்க வச்சாங்க. மூடி இல்லாததால ஒரு தட்டு போட்டு மூடியிருந்துச்சு. அஞ்சு வருஷமா பக்கத்துலயே இருந்தும் அவங்க பேர நான் அன்னைக்குத்தான் கேட்டேன்.

அந்த மாதிரி ஒரு நாளுக்காக காத்திருக்காதீங்க. குழாய் வேலைன்னு லிஃப்ட் பக்கத்துல நோட்டீஸ் ஒட்டுன அன்னைக்கே மாடியில எல்லா வீட்டுக் கதவையும் தட்டி, "நாளைக்கு தண்ணி இருக்காது, பிடிச்சு வச்சிட்டீங்களா"ன்னு கேளுங்க. வயசானவங்க தனியா இருக்குற வீடு எது, கைக்குழந்தை இருக்குற வீடு எதுன்னு பாத்து வச்சுக்கோங்க, போன் நம்பர் வாங்கிக்கோங்க. மலாய் வராதா, "ஆயர்" (மலாய்ல தண்ணி)னு சொல்லி வாளிய காட்டுனா போதும், புரிஞ்சுக்குவாங்க.