"அழித்துவிட்டேன் அக்கா": சாவி விஷயத்தில் புதிய புரோகிராமர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், வேலைக்கு வந்த 11ஆம் நாள், தான் எழுதிய நிரலை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றினான். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியம் அது. நிரலோடு சேர்ந்து, வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் சேவையின் ஏபிஐ சாவியும் ஏறிவிட்டது. சில நிமிடங்களில் அவனே கவனித்துவிட்டான். என் மேசையருகே வந்து நின்று, "சாவி வெளியே போய்விட்டது அக்கா, ஆனால் உடனே அழித்துவிட்டேன்" என்றான். பதற்றம் அடங்கி, முகத்தில் நிம்மதி வந்திருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2014இல் அதே நிம்மதியோடு நானும் படுக்கப் போயிருக்கிறேன்.

எளிய கடவுச்சொல் வைப்பது, ஓடிபி எண்ணைச் சொல்லிவிடுவது, தெரியாத இணைப்பைத் தட்டுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. வங்கிகளே அவற்றைக் குறுஞ்செய்தியில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நன்றாகப் படித்தவர்கள், கவனமானவர்கள்கூட வேலைக்கு வந்த முதல் ஆண்டில் விழுகிற குழிகளை மட்டும் சொல்கிறேன்.

அழித்தால் போய்விடும் என்று நம்புவது

ஏபிஐ சாவி என்பது, ஒரு சேவையை நிரல் வழியாகப் பயன்படுத்துவதற்குத் தரப்படும் நீண்ட எழுத்துச் சரம். அது யார் கையில் இருக்கிறதோ அவரைத்தான் எதிர்முனையில் இருக்கும் சர்வர் கணக்கின் உரிமையாளர் என்று எடுத்துக்கொள்ளும். முகம் பார்க்காது, கையெழுத்துக் கேட்காது. ஆகவே அந்தச் சரத்தை யாராவது ஒரு முறை படித்துவிட்டால் போதும், வீட்டுச் சாவிக்கு நகல் எடுத்த மாதிரிதான். பிறகு அசல் சாவியைக் கிணற்றில் போட்டாலும் நகல் கதவைத் திறக்கும்.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி உருவானதே எதையும் மறக்காமல் இருப்பதற்காக. ஒவ்வொரு கமிட்டும் அந்த நேரத்தில் எல்லாக் கோப்புகளும் இருந்த நிலையை அப்படியே பதிந்து வைக்கிறது. சாவி இருந்த வரியை அழித்துப் புதிய கமிட் போட்டால், புதிய பதிவில் சாவி இருக்காது, அவ்வளவுதான். பழைய பதிவு பழைய இடத்திலேயே இருக்கிறது.

இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் அந்தப் பையனின் கணினியிலேயே கமிட் வரலாற்றைத் திறந்து காட்டினேன். சாவியை அழித்து அவன் போட்ட கமிட் முதலில் இருந்தது. தலைப்பில் "சாவியை நீக்கினேன்" என்று எழுதியிருந்தான். அதைத் தட்டினேன். சிவப்புப் பின்னணியில், முன்னால் ஒரு கழித்தல் குறியுடன், முழுச் சாவியும் தெரிந்தது. ஓர் எழுத்துக்கூட மறையவில்லை. ஆயிரம் வரி நிரலுக்குள் எங்கோ கிடந்த சாவியை, அதை அழிக்கப் போட்ட அந்தக் கமிட் தனியே எடுத்துத் திரையின் நடுவில் வைத்திருந்தது. பையன் எதுவும் பேசவில்லை.

"யார் அக்கா உட்கார்ந்து இதையெல்லாம் தேடப்போகிறார்கள்?" என்று வழக்கமாக ஒரு கேள்வி வரும். மனிதர்கள் யாரும் தேடுவதில்லை, நிரல்கள் தேடுகின்றன. பெரும்பாலான சாவிகளுக்கு ஓர் அச்சு உண்டு. கணினிகளை இணையம் வழியே வாடகைக்குத் தரும் அமேசான் கிளவுடின் நிரந்தரச் சாவி அடையாளம் ஏ, கே, ஐ, ஏ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும், மொத்தம் 20 எழுத்து. இந்த அச்சுக்குப் பொருந்துவது பொதுக் களஞ்சியத்தில் எங்கே ஏறினாலும் பிடித்துக்கொள்ள ஒரு சிறிய நிரல் போதும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட களஞ்சியங்களில் இப்படிச் சாவிகள் கசிந்திருப்பதையும், தினமும் ஆயிரக்கணக்கில் புதிதாகக் கசிவதையும் கண்டார்கள். நல்லவர்கள் தேடியே இவ்வளவு கிடைத்தது.

என் கதையைச் சொல்கிறேன். என் தம்பியின் திருமணப் படங்களை உறவினர்கள் பார்ப்பதற்காக ஒரு சிறு இணையதளம் செய்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை இரவு நிரலை ஏற்றினேன். கிளவுட் கணக்கின் சாவியும் ஏறியது. பத்தரை மணிக்குக் கவனித்து, அந்த வரியை அழித்து, மறுபடி ஏற்றிவிட்டுத் தூங்கப்போனேன். காலையில் அஞ்சல் பெட்டியில் எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வரிசையாக நின்றன. நான் கேள்விகூடப்படாத மண்டலங்களில் எல்லாம் என் பெயரில் பெரிய இயந்திரங்கள் இரவு முழுவதும் ஓடியிருந்தன, மின்னணு நாணயம் (கிரிப்டோ) தோண்டுவதற்காக. கட்டணம் அன்றைய என் நான்கு மாதச் சம்பளத்தைத் தாண்டியிருந்தது. மூன்று வாரம் கடிதம் எழுதி மன்றாடியதில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள். மீதியைத் தவணையில் கட்டினேன். அந்த மூன்று வாரமும் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நடமாடியதை நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது.

பணத்தைவிட எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறு. நான் வரியை அழிக்கச் செலவிட்ட நேரத்தில், கணக்குக்குள் போய் அந்தச் சாவியை ரத்து செய்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரே நேரம்தான் ஆகும். எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு வருகிற பிள்ளைகளுக்கும் சொல்லித் தரப்படவில்லை. கல்லூரிகளில் கிட் என்றால் மூன்று கட்டளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கிற பாடங்களில் பல "இந்த இடத்தில் உங்கள் சாவியை எழுதுங்கள்" என்று நிரலுக்குள்ளேயே இடம் விட்டுக் காட்டுகின்றன. கற்பிக்கிறவர்கள் அந்த ஒரு வரியை மாற்றி எழுதினால் எத்தனையோ பேருடைய தூக்கம் மிஞ்சும்.

சரியான வரிசை இதுதான். முதலில் சாவியை ரத்து செய்யுங்கள். அடுத்து புதிய சாவி எடுத்து, நிரலுக்கு வெளியே சூழல் மாறியாகவோ (environment variable) ரகசியக் காப்பகத்திலோ வையுங்கள். பிறகு, இடைப்பட்ட நேரத்தில் பழைய சாவியை யாராவது பயன்படுத்தினார்களா என்று சேவையின் பதிவேட்டைப் பாருங்கள். கமிட் வரலாற்றைச் சுத்தம் செய்வது கடைசி வேலை. அதை எவ்வளவு நன்றாகச் செய்தாலும், ஏற்கெனவே நகல் எடுத்தவர்களிடம் போய் உங்களால் அழிக்க முடியாது. வரலாற்றைத் திருத்தி வலுக்கட்டாயமாக ஏற்றிய பிறகும், பழைய கமிட்டின் அடையாளம் தெரிந்தவர்கள் சில நேரம் அதைத் திறந்துவிட முடியும்.

பையனும் நானும் சாவியை ரத்து செய்தபோது மாலை 4.52. மறுநாள் பதிவேட்டைப் பார்த்தோம். அதே சாவியோடு, எங்களுக்குச் சம்பந்தமில்லாத முகவரியிலிருந்து, 5.09க்கு ஒரு முயற்சி வந்து திரும்பிப் போயிருந்தது.

கிட்இக்னோரில் பிறகு சேர்த்துக்கொள்வது

எந்தக் கோப்புகளைப் பதியக் கூடாது என்று கிட்டுக்குச் சொல்லும் பட்டியல்தான் கிட்இக்னோர் (.gitignore). ஏற்கெனவே பதிவான கோப்பை அது தொடாது. முதல் கமிட்டுக்கு முன்பே சேருங்கள்.

"தனிக் களஞ்சியம்தானே"

பொதுவில் வைக்காவிட்டால் பயமில்லை என்று நினைப்பவர்கள் ஊபர் நிறுவனத்துக்கு 2016இல் நடந்ததைப் படிக்க வேண்டும். அதன் பொறியாளர்கள் வைத்திருந்தது தனிக் களஞ்சியம்தான். வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களையே அங்கும் பயன்படுத்தியிருந்ததால் ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள். நிரலுக்குள் கிளவுட் சாவி கிடந்தது. அதைக் கொண்டு பயணிகளும் ஓட்டுநர்களுமாக 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள்.

தனிக் களஞ்சியத்துக்குள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வேலையை விட்டுப் போனவர், மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்தவர், அவர்களுடைய வீட்டு மடிக்கணினி. இன்று தனியாக இருப்பது நாளை ஏதோ காரணத்துக்காகப் பொதுவாக மாற்றப்படலாம். அப்போது பழைய வரலாறு முழுவதும் சேர்ந்தே திறக்கும்.

கைப்பேசிச் செயலிக்குள் சாவியை ஒளித்து வைப்பது

ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு செயலியின் கோப்பை, பிரித்துப் பார்க்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சாவியை உங்களுடைய சர்வரில் வைத்து, செயலி அந்தச் சர்வர் வழியாகவே சேவையைக் கேட்கும்படி செய்யுங்கள்.

உதவி கேட்கும்போது ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது

பிழைச் செய்தியைப் படம் எடுப்பீர்கள், அதற்கு மேலே மூன்றாவது வரியில் சாவி தெரியும். 200 பேர் இருக்கும் குழுவில் போடுவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எல்லா அனுமதியும் கொண்ட ஒரே சாவி

என்னுடைய 2014 சாவி இப்படிப்பட்டதுதான். படங்களைப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்திருந்தால் இயந்திரம் ஒன்றைக்கூட ஓட்டியிருக்க முடியாது.

செய்தியைப் படித்துவிட்டு ஹேக்கரைப் பற்றி மட்டும் பேசுவது

ஒரு நிறுவனத்தின் தகவல் கசிந்தது என்று செய்தி வந்தால் தேநீர் இடைவேளையில் பேச்சு ஒரே திசையில்தான் போகிறது. எந்த நாட்டுக்காரர்கள், எவ்வளவு பெரிய மூளை, எத்தனை கோடி கேட்டார்கள். செய்தித்தாள்களும் முகமூடி போட்ட உருவத்தின் படத்தைப் போட்டு அந்தப் பேச்சுக்கு எண்ணெய் ஊற்றுகின்றன. கதவு எப்படித் திறந்தது என்ற பத்தி கடைசியில் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை.

டொயோட்டா நிறுவனம் 2022 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பைப் பாருங்கள். கார்களை இணையத்தோடு இணைக்கும் அதன் சேவையின் மூல நிரலில் ஒரு பகுதி, ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் தவறால் 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை கிட்ஹப்பில் பொதுவில் இருந்திருக்கிறது. அதற்குள் தரவுச் சர்வரின் சாவி. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் அந்தச் சாவிக்கு எட்டும் தொலைவில் கிடந்தன. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், பூட்டை உடைக்க வேண்டிய அவசியமே யாருக்கும் இருக்கவில்லை.

இந்தச் செய்தியைப் படித்ததும் ஒரு புரோகிராமருக்குத் தன்னுடைய களஞ்சியங்களைத் திறந்து பார்க்கத் தோன்ற வேண்டும். நான் பார்த்தேன். பழைய சோதனைச் சாவிகள் இரண்டு இருந்தன, ஒன்று இன்னும் உயிரோடு.

சொல்லாமல் வைத்திருப்பது

ஊபரில் நடந்த திருட்டைவிடப் பெரிய வழக்கானது, அதை மறைத்தது. திருடியவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்துவிட்டு, சுமார் ஓராண்டு யாரிடமும் சொல்லவில்லை. 2017 நவம்பரில்தான் வெளியே வந்தது. அப்போது அதன் பாதுகாப்புத் தலைவராக இருந்த ஜோ சல்லிவனை 2022இல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்மானித்தது.

அலுவலகங்களில் இதுவே சிறிய அளவில் தினமும் நடக்கிறது. சென்ற ஆண்டு எங்கள் குழுவில் ஒரு பெண் சாவி கசிந்ததை மூன்று நாள் சொல்லவில்லை. நல்ல வேளையாகச் சேதம் எதுவும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று பின்னர் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: அதற்கு முந்தைய வாரம் வேறொருவர் செய்த தவறுக்காகக் கூட்டத்தில் நான் குரலை உயர்த்தியிருந்தேன். அவள் பயந்தது அதற்குத்தான். அந்த மூன்று நாள் தாமதத்தில் என் பங்கும் இருந்தது.

இப்போதெல்லாம் யார் வந்து சாவி போய்விட்டது என்று சொன்னாலும், "எந்தச் சாவி தம்பி?", "எந்தச் சாவிம்மா?" என்று மட்டும் கேட்கிறேன். எப்படி, ஏன் என்ற பேச்சை ரத்து செய்து முடித்த பிறகு தேநீரோடு வைத்துக்கொள்கிறோம்.