புன்னை: மரத்திலும் எண்ணெயிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘தமனு ஆயில்’ என்று சின்னக் குப்பியில் அடைத்துக் கொழுத்த விலைக்கு விற்கிறார்களே, அது வேறொன்றும் இல்லை. நம் கடலோர ஊர்களில் விளக்கெரிக்கவும் படகுக்குப் பூசவும் வைத்திருந்த புன்னை எண்ணெய்தான். புதுப் பெயரில் வந்ததும் ஆளாளுக்குக் கொட்டை பொறுக்கவும் கன்று நடவும் கிளம்பிவிட்டார்கள். கூடவே தவறுகளும்.

முதலில் மரத்தையே மாற்றிச் சொல்கிறார்கள்; புங்கத்தையும் சுரபுன்னையையும் புன்னை என்று எண்ணிவிடுகிறார்கள். புங்க மரத்தில் ஒரே காம்பில் ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள் இருக்கும். காய் தட்டையான நெற்று. புன்னை இலை தனி இலை. கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும், தடித்துப் பளபளக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுநரம்பிலிருந்து விளிம்புவரை மயிரிழை போன்ற நரம்புகள் நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவது தெரியும். காய் நல்ல உருண்டை. பிச்சாவரத்தில் படகில் போய்ப் பார்க்கிற சுரபுன்னை அலையாத்தி மரம். பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, குடும்பம் வேறு. சந்தேகம் இருப்பவர்கள் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்குப் போகலாம், அங்கே தலவிருட்சமே புன்னைதான்.

எண்ணெய் எடுப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். கொட்டையின் ஓட்டை உடைத்தால் உள்ளே வெளிர்மஞ்சள் பருப்பு இருக்கும். நசுக்கிப் பார்த்தாலும் கையில் எண்ணெய்ப் பசை அவ்வளவாக ஒட்டாது. அதை அப்படியே செக்குக்குக் கொண்டுபோனால் கூலிதான் தண்டம். பருப்பை வெயிலில் ஒன்றிரண்டு மாதம் பொறுமையாகக் காய வைக்க வேண்டும். நாளாக நாளாகச் செம்பழுப்பேறும், பிசுபிசுக்கும், கனத்த வாடை கிளம்பும். அப்போதுதான் ஆட்டும் பதம். நன்றாகக் காய்ந்த பருப்பின் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய்தான். நடுவில் மழைச்சாரலோ இரவுப் பனியோ பட்டால் பூஞ்சணம் பிடித்துப் போட்ட உழைப்பெல்லாம் வீண். சாயங்காலம் ஆனால் அள்ளி உள்ளே வைத்துவிடுங்கள்.

அடுத்தது ஆபத்தான தவறு. மரச்செக்கில் ஆட்டியது என்றால் சமையலுக்கும் ஆகும் என்று எண்ணுகிறார்கள். ஆகாது. புன்னை எண்ணெய் உணவுக்கானதல்ல, பருப்பும் தின்னத் தகாதது. நல்லெண்ணெய் ஆட்டுகிற செக்கிலேயே இதையும் ஆட்டச் சொன்னால், முழுக்கத் துடைத்துக் கழுவாமல் அடுத்த ஈடு போடக்கூடாது. வீட்டில் வைப்பதானால் பெயர் எழுதி ஒட்டி, அடுப்படிக்கு வெளியே வையுங்கள். பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற வழக்கம் இந்த எண்ணெய்க்கு வேண்டவே வேண்டாம்.

மூட்டுவலிக்கும் சொறி சிரங்குக்கும் தடவுவது பழைய கைவைத்தியம்தான். ஆனால் சிலருக்குத் தோல் தடித்துப்போகும். முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்கள். கிளையை வெட்டினால் கசியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

நாகை மாவட்டத்தில் விவசாயி ஒருவர் புன்னை எண்ணெயில் பம்புசெட் ஓட்டிய செய்தி பலர் படித்திருப்பீர்கள். அதை நம்பிப் புது டீசல் காரில் ஊற்றிவிடாதீர்கள். ஆட்டிய எண்ணெயில் பிசின் மிகுதி. தோட்டத்துப் பழைய எஞ்சின் தாங்குவதை, நுண்ணிய துளை வழியே எரிபொருள் பீய்ச்சுகிற எஞ்சின் தாங்காது, அடைத்துக்கொள்ளும்.

கன்று போடுகிறவர்கள் கொட்டையை ஓட்டோடு புதைத்துவிட்டு, ஒரு மாதம் பார்த்து, முளைக்கவில்லை என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். ஓட்டோடு போட்டால் முளைக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். பருப்பு நசுங்காமல் ஓட்டை நீக்கிப் போட்டால் மூன்று வாரம் போதும். நற்றிணையில் தோழிகள் விளையாட்டாக வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்த புன்னை விதை தானாக முளைத்தது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தார்கள் என்பதையெல்லாம் நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை. மணற்பாங்கும் வடிகாலும் இருந்தால் போதும். உப்புக்காற்றையும் தாங்கும்.

இடம் தேர்வதில் மட்டும் தாராளமாக இருங்கள். புன்னை நெட்டுக்குத்தாக உயர்வதைவிடச் சாய்ந்து, தாழக் கிளைவிட்டு அகலமாகப் படர்கிற மரம். மதிலை ஒட்டி நட்டால் பின்னால் கிளையைக் கழித்துக் கழித்தே மரம் உருக்குலைந்துவிடும். வாசல் நடைபாதைக்கு மேலேயும் வேண்டாம், உதிர்ந்த கொட்டையில் கால் வைத்தால் வழுக்கும்.

பலகைக்கென்று வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இது சீக்கிரம் பருக்காது, இழையும் பின்னிக்கொண்டு ஓடும். நீளமான நேர்ப்பலகை கேட்டு அறுத்தால் முறுக்கிக்கொள்ளும். படகு கட்டுகிறவர்கள் இதன் இயல்பான வளைவையே பயன்படுத்தி உள்வளைவுக் கட்டைகளுக்கு எடுத்தார்கள். கதவு நிலைக்கு வேறு மரம் பாருங்கள்.