பழைய கணினியில் பேச்சொலி மென்பொருள் நின்றுபோனால்

எழுத்தைப் பேச்சாக்கும் திறமூல மென்பொருள் பழைய லினக்ஸ் கணினியில் திறந்தவுடனே மூடிக்கொண்டால், அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதில் நேரத்தைச் செலவிடும் முன், கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்திலிருந்து (டெர்மினல்) இயக்கிக் கடைசியாக வரும் வரியைப் படியுங்கள். அது ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ (Illegal instruction) என்றிருந்தால், 2011-இல் வெளிவந்த மையச் செயலிகளில் (சிபியூ) அறிமுகமான, பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் ஏவிஎக்ஸ் (AVX) கட்டளைகளை எதிர்பார்த்துத் தொகுக்கப்பட்ட நிரல் நூலகம், அவற்றை அறியாத செயலியில் ஓட முயல்வதே பெரும்பாலும் காரணம். செயலியின் விவரங்களைத் தரும் ‘எல்எஸ்சிபியூ’ (lscpu) கட்டளை காட்டும் பட்டியலில் ஏவிஎக்ஸ் இல்லையெனில், மூல நிரலை அதே கணினியில் தொகுத்துப் பார்க்கலாம். பொறுமை வேண்டும், சில சமயம் மணிக்கணக்கில் ஓடும். வெறும் ‘கில்டு’ (Killed) என்று வந்தால், அநேகமாக நினைவகம் போதவில்லை. சிறிய குரல் மாதிரிக்கு மாறுங்கள். எதற்கும் வழியில்லாத கணினிக்கு, குரல் சற்று இயந்திரத்தனமாக ஒலித்தாலும், தமிழும் பேசும் ஈஸ்பீக் என்ஜி (eSpeak NG) என்ற எளிய பேச்சொலி மென்பொருள் போதும்.