வயலினை மட்டும் கேட்காதீர்கள்: வயலின் வாசிப்பவர்கள் இசை கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயலின் வாசிக்கிற ஒருவரிடம் "இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று விசாரித்துப் பாருங்கள். அந்த மாதம் அவர் கையில் எந்த உருப்படி இருக்கிறதோ அதைத்தான் பெரும்பாலும் சொல்வார். மெண்டல்சன் பயில்கிறவர் மெண்டல்சன் கேட்கிறார், பாக் பயில்கிறவர் பாக் கேட்கிறார். நல்ல பழக்கம்தான். ஆனால் அப்படிக் கேட்கும்போதே சில தப்பான வழக்கங்களும் காதில் ஒட்டிக்கொள்கின்றன. அவை வாசிப்பையும் கெடுக்கும், உயிராக நேசித்த இசையையும் நாளடைவில் சலிக்க வைத்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வயலினை மட்டும் கேட்பது.

மெண்டல்சனின் இ மைனர் கான்செர்ட்டோவை (ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு தனிக் கருவி வாசிக்கும் படைப்பு) எடுத்துக்கொள்வோம். 1845இல் லைப்சிக் நகரில் ஃபெர்டினாண்ட் டேவிட் முதன்முதலில் வாசித்தது. ஆர்கெஸ்ட்ரா லேசாக அசைந்துகொடுத்த உடனேயே வயலின் உள்ளே வந்துவிடும் என்பதால், முதல் நொடியிலிருந்தே நம் காது தனி வயலினைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் அதை விடுவதே இல்லை. முதல் பகுதி முடியும் இடத்துக்கு வாருங்கள். மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஓங்கி முழங்கி நிற்கிறது. எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரே ஒரு பஸ்ஸூன் (தாழ்ந்த ஒலியுள்ள காற்றுக் கருவி) மட்டும் 'பி' ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு அரைப்படி ஏறி 'சி'க்குப் போகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் அந்த அரைப்படியில் இ மைனர் என்ற சோகச் சாயலுள்ள ஸ்வர அமைப்பின் பதற்றமெல்லாம் அடங்கி, தெளிந்த சாயலுள்ள சி மேஜரில் அமைந்த மெதுவான இரண்டாம் பகுதி திறந்துகொள்கிறது. தனி வயலின் வருவதற்கு இன்னும் சற்று நேரம் இருக்கிறது.

வயலின் வரியை மட்டும் கேட்டுப் பழகியவருக்கு இது ஓய்வு நேரம். தோளைத் தளர்த்திக்கொண்டு காத்திருப்பார். பஸ்ஸூனைக் கேட்டவரோ அது திறந்துவிட்ட கதவு வழியாக உள்ளே வருவார். அவர் எடுக்கும் முதல் ஸ்வரமே வேறு மாதிரி இருக்கும். இதை வில் பயிற்சியால் கொண்டுவர முடியாது, கேட்டால்தான் வரும்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில செயலிகள் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவில் ஒரு நொடி இடைவெளி விடும். பஸ்ஸூன் பாதியில் அறுந்துபோகும். அமைப்புகளில் போய் இடைவெளியில்லாமல் ஒலிக்கும்படி மாற்றிக்கொண்டு கேளுங்கள்.

பிராம்ஸின் 1879ஆம் ஆண்டு கான்செர்ட்டோவில் இரண்டாம் பகுதியின் மெட்டு முழுவதையும் ஓபோ என்ற காற்றுக் கருவி பாடி முடிக்கிறது. வயலின் கலைஞர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இதனாலேயே புகழ்பெற்ற வயலின் கலைஞர் சரசாத்தே இந்தக் கான்செர்ட்டோவைத் தொட மறுத்தார் என்று சொல்வார்கள். பிறகு வயலின் வரும்போதும் அந்த மெட்டை அப்படியே வாசிப்பதில்லை, விரித்து இழைத்துக்கொண்டு போகிறது. ஓபோ பாடியது காதில் நிற்கவில்லையென்றால் எதை விரிக்கிறோம் என்பதே தெரியாமல் வாசிப்போம். பீத்தோவனின் கான்செர்ட்டோவும் (1806) இப்படித்தான். அது டிம்பனி முரசின் தட்டல்களில் தொடங்குகிறது, அந்தத் தட்டல் முதல் பகுதி நெடுக வேறு வேறு கருவிகளில் திரும்பத் திரும்ப வரும். வயலின் நுழைய மூன்று நிமிடத்துக்குமேல் ஆகும். அந்த மூன்று நிமிடத்தைத் தள்ளிவிட்டு நேராக வயலினுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து தள்ளாதீர்கள். வயலின் பேசப்போகிற விஷயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் சொனாட்டாக்களில் இந்தத் தவறு இன்னும் மோசமாகும். 'வயலின் சொனாட்டா' என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். மொசார்ட், பீத்தோவன் காலத்து அச்சுப் பிரதிகளில் பியானோவின் பெயர்தான் முதலில் இருக்கும். இசையமைப்பாளர் பிராங்க் 1886இல் வயலின் கலைஞர் இசாயிக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்த சொனாட்டாவின் கடைசிப் பகுதியில் பியானோ மெட்டை எடுக்கிறது, வயலின் ஒரு தாள அளவு பின்னால் அதே மெட்டோடு வருகிறது. வயலின்தான் பின்தொடர்கிறது. இதற்கு ஒரு பயிற்சி உண்டு: ஒரு முறை வயலினைக் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, பியானோக்காரரின் இடது கையை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பாருங்கள். முதல் தடவை சிரமம்தான். இரண்டாவது தடவை புதிய உருப்படி ஒன்று கிடைத்த மாதிரி இருக்கும்.

அடுத்தது, ஒரே ஒலிப்பதிவில் குடியிருப்பது. நான் பாக்கின் ஜி மைனர் சொனாட்டாவைக் கற்றபோது ஒரே ஒரு பதிவைத்தான் மாதக்கணக்கில் கேட்டேன். ஒரு நாள் வகுப்பில் அதன் மெதுவான அடாஜியோ பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோது ஆசிரியர் நிறுத்தி, "இந்த இடத்தில் ஏன் ஒலியைப் பெருக்குகிறாய்?" என்று கேட்டார். இசைத்தாளைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எனக்குத் தோன்றிச் செய்ததும் இல்லை அது. அந்தப் பதிவில் வாசித்தவருடைய மூச்சு என் வில்லில் ஏறி உட்கார்ந்திருந்தது. பாக் 1720இல் தம் கையாலேயே எழுதிய பிரதி இன்றும் இருக்கிறது, அதன் நகலை எவரும் பார்க்கலாம். இப்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கிறேன், அப்புறம்தான் பதிவுகள்.

பதிவுகளையும் வெவ்வேறு காலத்திலிருந்து எடுக்க வேண்டும். இந்த ஜி மைனர் சொனாட்டா அடங்கிய பாக்கின் ஆறு தனி வயலின் படைப்புகளையும் மெனுஹின் 1930களில் முழுமையாகப் பதிவு செய்தார். மில்ஸ்டைன் இரண்டு முறையும், கிறிஸ்டியான் டெட்ஸ்லாஃப் மூன்று முறையும் முழுத் தொகுப்பைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே கலைஞர் பல ஆண்டு இடைவெளியில் அதே பக்கங்களை வேறு விதமாக வாசிப்பதைக் கேட்டால், 'இதுதான் சரி' என்ற பிடிவாதம் தானே தளரும். ரேச்சல் பாட்ஜர் போன்ற பரோக் பாணிக் கலைஞர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவுகள் பெரும்பாலும் 415 ஹெர்ட்ஸ் சுருதியில், இன்றைய சுருதியைவிட ஏறக்குறைய அரைப்படி கீழே இருக்கும். கூடவே வாசித்துப் பார்த்துவிட்டு, ஏதோ கோளாறு என்று குழம்ப வேண்டாம்.

பழைய ஒலிப்பதிவுகளை இரைச்சலுக்காக ஒதுக்குவதும் பெரிய இழப்பு. யோவாகிம் 1903இல், எழுபது வயது தாண்டிய பிறகு, சில சிறிய உருப்படிகளைப் பதிவு செய்தார். பீத்தோவனின் கான்செர்ட்டோவைப் பன்னிரண்டு வயதில் மெண்டல்சன் நடத்த வாசித்தவர் அவர், பிராம்ஸின் கான்செர்ட்டோவை முதலில் மேடையேற்றியவரும் அவர்தான். அந்தக் கையின் ஓசை நமக்குக் கிடைத்திருக்கிறது! விப்ராட்டோ (விரலை அசைத்து ஸ்வரத்தை அதிரவைப்பது) குறைவாக இருக்கிறதே, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரல் வழுக்குகிறதே என்று முகம் சுளிக்கிறார்கள். அன்றைய ரசனை அது. விப்ராட்டோவை ஓர் அணிகலன்போல அங்கங்கே வைத்தார்கள். விடாமல் அதிரவைக்கும் வழக்கம் வயலின் கலைஞர் கிரைஸ்லர் காலத்தில் பரவியது.

கிரைஸ்லரும் ஜிம்பலிஸ்டும் 1915இல் பதிவு செய்த பாக்கின் இரட்டை வயலின் கான்செர்ட்டோவைக் கேளுங்கள். ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதில் நான்கு பேர் கொண்ட தந்திக்குழுதான் பின்னால் இருக்கிறது. மெதுவான நடுப்பகுதியில் ஒருவர் ஸ்வரத்தை நீட்டிப் பிடித்திருக்கும்போது மற்றவர் அதன்மேல் வந்து சாய்கிறார். முதல் நிமிடம் இரைச்சல் உறுத்தும், அப்புறம் காதே அதை விலக்கிவிடும்.

உருப்படியின் மேலே எழுதியிருக்கும் இசையமைப்பாளர் பெயரை அப்படியே நம்புவது இன்னொரு தவறு. புன்யானி, விவால்டி போன்றவர்கள் எழுதியதாகத் தாம் வாசித்துவந்த சில உருப்படிகள் உண்மையில் தம்முடையவை என்று கிரைஸ்லர் 1935இல் ஒப்புக்கொண்டார். அழகான உருப்படிகள், தாராளமாக வாசியுங்கள். ஆனால் அவற்றைக் கேட்டு 18ஆம் நூற்றாண்டின் பாணியைக் கற்றுக்கொள்ளாதீர்கள். விட்டாலியின் பெயரில் வரும் புகழ்பெற்ற சக்கோனும் (ஒரே அடிவரியின் மேல் மாறி மாறி வளரும் உருப்படி) அவருடையதுதானா என்பது சந்தேகம்.

வேகத்தை மட்டும் ஒப்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பகானினியின் கப்ரீஸை யார் எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்று பார்ப்பது கேட்பதாகாது. பதிவைப் பாதி வேகத்துக்கு இறக்கிக் கேட்பவர்களுக்கு மட்டும் ஒன்று: விரல் எங்கே போகிறது என்று பார்க்க அது உதவும். வில் தந்தியைத் தொடும் கணம் அப்போது இழுபட்டு உருமாறிவிடுகிறது, அதனால் வில்லை அதிலிருந்து கற்க வேண்டாம்.

இசாயி கேட்டவிதத்தை நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். வயலின் கலைஞர் சிகெட்டி பாக் வாசித்ததைக் கேட்ட உந்துதலில்தான் 1923இல் தம் ஆறு தனி சொனாட்டாக்களை எழுதினார். ஒவ்வொன்றையும் ஒரு வயலின் கலைஞருக்குச் சமர்ப்பித்தார். திபோவுக்கான இரண்டாவது சொனாட்டா பாக்கின் இ மேஜர் பார்ட்டிட்டாவின் (நடனங்களின் தொகுப்பு) தொடக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கிறது, சட்டென்று நிறுத்துகிறது, மறுபடி எடுக்கிறது. பாக்கை முன்பே கேட்டிருந்தால்தான் அங்கே நெஞ்சு திடுக்கிடும்.

கடைசியாக, தொகுப்புப் பட்டியல்களில் துண்டு துண்டாகக் கேட்பது. பாக்கின் டி மைனர் சக்கோன் எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது, எனக்கும் அதைவிடப் பிடித்த வயலின் இசை வேறில்லை. ஆனால் அது தனியாக எழுதப்பட்டதில்லை. ஒரு பார்ட்டிட்டாவில் நான்கு நடனங்களுக்குப் பின்னால் ஐந்தாவதாக வருகிறது. அந்த நான்கையும் கேட்டுவிட்டு வாருங்கள். டி மைனரிலேயே அவ்வளவு நேரம் இருந்த பிறகு, சக்கோன் பாதி தாண்டியதும் ஓசை தாழ்ந்து டி மேஜருக்கு மாறும் இடம் வருகிறது. தனியாகக் கேட்டபோது அது ஓர் இனிமையான இடம், அவ்வளவுதான். முழுவதும் கேட்டு வந்தால் இருட்டறையில் யாரோ விளக்கைக் கொண்டுவந்து வைத்தாற்போல் இருக்கிறது. சிறிது நேரத்தில் மைனர் திரும்பி வந்துவிடுகிறது. கடைசி ஒலியில் மேஜரா மைனரா என்று காட்டும் ஸ்வரம் எதுவும் இல்லை. வெறும் 'டி' மட்டும் நிற்கிறது.