குழந்தைக்கு இரத்தக்கொதிப்பா? மாத்திரைக்கு முன் தொடை நாடியைப் பாருங்கள்

ஒரு குழந்தைக்கு இரத்த அழுத்தம் கூடியிருப்பது தெரிந்தால், மாத்திரை எழுதுவதற்கு முன் இரு கை, இரு கால் நான்கிலும் அழுத்தத்தை அளந்து, தொடை இடுக்கில் நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குறிப்பாக 6 வயதுக்கு உட்பட்டவர்களிடம் இரத்தக்கொதிப்பு பெரும்பாலும் வேறொரு நோயின் வெளிப்பாடு. அவற்றில் சிறுநீரகக் கோளாறுகளே அதிகம் என்றாலும், பெருந்தமனிக் குறுக்கமும் (இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் செல்லும் முதன்மைக் குழாய் ஓரிடத்தில் குறுகியிருப்பது) சிறுநீரகத் தமனிச் சுருக்கமும் சரிசெய்யக்கூடியவை என்பதால், அவற்றைத் தவறவிடுவது பெரும் பிழை.

முதலில் அளவு சரியாக இருக்க வேண்டும். கருவிப் பட்டையின் காற்றுப் பை, மேற்கையின் நடுச் சுற்றளவில் 40 சதவீத அகலமாவது கொண்டிருக்க வேண்டும். பட்டை சிறிதானால் அழுத்தம் பொய்யாகக் கூடித் தெரியும். அளவை வலது கையில்தான் தொடங்க வேண்டும். இடது கைக்குத் தமனி பிரியும் இடத்தை ஒட்டியே குறுக்கம் பெரும்பாலும் அமைவதால், அந்தக் கிளையும் பாதிக்கப்பட்டிருந்தால் இடது கை இயல்பான அளவைக் காட்டி ஏமாற்றிவிடும். 13 வயது முதல் 130/80 என்பதே வரம்பு. அந்த வயதுக்குக் கீழே வயது, பாலினம், உயரம் மூன்றையும் வைத்து அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

பிறகு குழந்தையைப் படுக்கவைத்து, காலுக்குப் பொருத்தமான பட்டையைச் சுற்றி அளக்க வேண்டும். இயல்பாகக் காலில் சிஸ்டாலிக் அழுத்தம் (அளவில் முதலில் எழுதப்படும் பெரிய எண்) கையைவிட 10 முதல் 20 மி.மீ. பாதரசம் வரை கூடுதலாக இருக்கும். அது கையைவிடக் குறைந்திருந்தாலே ஐயம் கொள்ள வேண்டும். 20-க்கு மேல் குறைந்திருந்தால் குறுக்கத்துக்கான வாய்ப்பு மிக அதிகம்.

நாடி பார்ப்பதற்கு அவசரம் ஆகாது. அழும் குழந்தையைத் தாயின் மடியிலேயே சாய்த்து, அழுகை அடங்கும்வரை காத்திருந்து, ஒரு கையின் விரல்களை வலது மணிக்கட்டிலும் மறுகையின் விரல்களைத் தொடை இடுக்கின் நடுவிலும் மெல்ல வைக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் மெலிந்த நாடி விரலடியிலேயே மறைந்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் துடிக்க வேண்டும். தொடையில் துடிப்பு மெலிந்தோ, பிந்தியோ, இல்லாமலோ இருந்தால் அன்றே எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பிறந்த சில நாட்களில் நாடி நன்றாக இருந்து, நாளக்குழாய் (கருவில் இருக்கும்போது நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் குழாய்) மூடிய பிறகே குறுக்கம் வெளிப்படுவதும் உண்டு. ஆகவே முதல் நாளில் ஒருமுறை பார்த்ததை வைத்து நிறைவடையக் கூடாது. முதுகில் இரு தோள்பட்டைகளுக்கு இடையே ஸ்டெதஸ்கோப்பை வைத்து இரத்த ஓட்டத்தின் முணுமுணுப்பு ஒலி கேட்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் இன்னொன்றையும் மறக்கலாகாது: பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் வீங்கச் செய்து சுருக்கும் தகாயாசு தமனி அழற்சி. இரு கைகளின் அளவுகள் வேறுபடுதல், ஒரு கையில் நாடி இல்லாமை, விளங்காத காய்ச்சல், எடைக் குறைவு, ஈ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) உயர்வு ஆகியவை சேர்ந்து வந்தால், குறிப்பாகப் பெண் குழந்தைகளிடம், அதை நினைக்க வேண்டும். வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கும்போது இரத்த ஓட்டத்தின் இரைச்சல் கேட்டாலோ, தோலில் பால்காபி நிறத் திட்டுகள் பல இருந்தாலோ சிறுநீரகத் தமனிகளை டாப்ளர் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்), சி.டி. ஆஞ்சியோகிராம் (இரத்தக் குழாய்களின் சி.டி. படம்) மூலம் ஆராய வேண்டும். இரு பக்கத் தமனிகளும் சுருங்கியிருக்கும் குழந்தைக்கு எனலாப்ரில் என்னும் இரத்த அழுத்த மருந்தைக் கொடுத்தால் சிறுநீரகச் செயல்பாடு சட்டென்று சரியக்கூடும் என்பதாலும் இந்தத் தேடல் முன்கூட்டியே தேவை.

பெருந்தமனிக் குறுக்கத்துக்கு 1944-இல் ஸ்வீடனில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் முதல் அறுவை சிகிச்சையைச் செய்தார். இன்று வயதையும் குறுக்கத்தின் அமைப்பையும் பொறுத்து அறுவை, பலூன், ஸ்டென்ட் என வழிகள் உள்ளன. சரிசெய்த பிறகும் குறுக்கம் திரும்பலாம், அழுத்தம் மட்டும் நீடிக்கலாம். ஆகவே ஒவ்வொரு வருகையிலும் வலது கையையும் ஒரு காலையும் அளந்து, இரண்டையும் அருகருகே எழுதி வைக்க வேண்டும்.