பனியாறு நடந்த பள்ளத்தாக்கை அறிந்துகொள்வது எப்படி?

1831 ஆகஸ்டில், பீகிள் கப்பலில் புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 22 வயதான சார்லஸ் டார்வின், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆடம் செட்ஜ்விக்குடன் வட வேல்ஸின் கூம் இட்வல் பள்ளத்தாக்கில் பல மணி நேரம் பாறை பாறையாகத் தேடினார். அவர்கள் தேடியவை தொல்லுயிர் எச்சங்கள். பனி கீறிய பாறைகளும், அது சுமந்து வந்து இறக்கிய கற்களும், குவித்துவைத்த மேடுகளும் கண்ணெதிரே கிடந்தும் இருவருமே அவற்றைக் கவனிக்கவில்லை. 1840இல் சுவிஸ் அறிவியலாளர் லூயி அகாசி, பிரிட்டனின் மலைகளிலும் ஒரு காலத்தில் பனியாறுகள் இருந்தன என்று எடுத்துரைத்தார். அதன்பின் 1842 ஜூனில் டார்வின் மீண்டும் அங்கே சென்றபோது அதே பள்ளத்தாக்கு அவருக்கு ஐயத்துக்கு இடமின்றித் தன் கதையைச் சொன்னது. மாறியிருந்தது அவர் கொண்டுசென்ற கேள்விதான். ஆகவே, வடபுலத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் பனியுகத்தின் தடயங்களைக் காண விரும்புவோர், எதை, எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கூம் இட்வலையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

வேலை வீட்டிலேயே, வரைபடத்தில் தொடங்குகிறது. பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு வரைபடத்தில் சமஉயரக் கோடுகளைக் கவனியுங்கள். மூன்று பக்கமும் கோடுகள் நெருங்கி, நான்காம் பக்கம் திறந்து, நடுவில் ஓர் ஏரியும் இருந்தால் அது பெரும்பாலும் சர்க்கு, அதாவது மலைச்சரிவில் பனி குடைந்த குழிவு. அது எத்திசை நோக்கித் திறந்திருக்கிறது என்று பாருங்கள். பிரிட்டனில் இத்தகைய குழிவுகள் பெரும்பாலும் வடக்கையும் வடகிழக்கையும் நோக்கியே உள்ளன; அங்கே வெயில் குறைவு, தென்மேற்குக் காற்று அடித்துவரும் பனியும் அந்த மறைவிலேயே படிகிறது. ஆண்டுதோறும் உருகாமல் எஞ்சிய பனி அழுந்திக் கட்டியாகி, தன் எடையால் நகர்ந்து, அடித்தளத்தைக் குடைந்தது. வாயிலில் குடைவு குறைவாக இருந்ததால் அங்கே ஒரு விளிம்பு நின்றது. கூம் இட்வலில் உள்ள லின் இட்வல் போன்ற ஏரிகள் அத்தகைய விளிம்புகளுக்குப் பின்னால்தான் தேங்குகின்றன.

பள்ளத்தாக்கை அடைந்ததும் காலடியைப் பார்ப்பதற்கு முன் பெரிய வடிவத்தைப் பாருங்கள். கூம் இட்வலுக்கு அருகிலுள்ள ஆக்வென் அருவிக்கு மேலே நின்று வடமேற்கே நோக்கினால் நான்ட் ஃப்ராங்கன் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். ஆறு மட்டுமே அரித்த மலைப்பள்ளத்தாக்கு பொதுவாக வீ வடிவம் கொள்ளும். இதுவோ செங்குத்தான சுவர்களும் அகன்ற அடித்தளமும் கொண்ட யூ வடிவம். மேற்குச் சுவரின் உயரத்தில் சிறு பள்ளத்தாக்குகள் அந்தரத்தில் முடிந்து நிற்கின்றன. முதன்மைப் பனியாறு ஆழமாகக் குடைந்த வேகத்துக்குச் சிறிய கிளைப் பனியாறுகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. தொங்கு பள்ளத்தாக்குகள் அப்படித்தான் உருவாயின. ஓர் எச்சரிக்கை: அடித்தளம் இத்தனை சமதளமாக இருப்பதைப் பனியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பனி விலகியபின் அங்கே தேங்கிய ஏரியில் வண்டல் படிந்ததால் வந்த சமதளம் அது.

அடுத்தது பாறையின் மேற்பரப்பு. என் கருத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே, ஏனெனில் பனி நகர்ந்த திசையே இங்கு பதிந்திருக்கிறது. பனிக்கட்டி மென்மையானது, அதனால் தனியாகப் பாறையைக் கீற இயலாது. அதன் அடியில் உறைந்து சிக்கிய கற்களும் மணலும் உப்புத்தாள் போலத் தேய்த்து, பாறையை வழவழப்பாக்கி, அதன்மேல் இணைகோடுகளாகக் கீறல்களையும் விட்டுச்சென்றன. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில், பாறையை நீரால் நனைத்து, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் விரல்நுனிக்குத் தட்டுப்படுவதும் உண்டு. திசைகாட்டியால் கோட்டின் போக்கை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நடைபாதையை ஒட்டிய பாறைகளை நம்ப வேண்டாம். மலையேறுவோரின் காலணிகளும் இரும்பு முட்களும் அங்கே புதிய கீறல்களை இட்டிருக்கும். பாதையிலிருந்து விலகிய பல பாறைகளில் ஒரே போக்கு தென்பட்டால்தான் அது பனியின் சான்று.

கீறல் ஒரு கோட்டை மட்டுமே தருகிறது. பனி அதன் எந்த முனையிலிருந்து வந்தது என்பதைச் சொல்வதில்லை. அதற்குப் பாறை முண்டுகளின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். பனி ஏறிவந்த பக்கம் தேய்ந்து வழவழவென்று சரிந்திருக்கும். இறங்கிய பக்கத்தில் உருகுநீர் விரிசல்களில் புகுந்து உறைய, நகரும் பனி துண்டு துண்டாகப் பெயர்த்துச் சென்றதால், அது கரடுமுரடாக உடைந்து நிற்கும். வழவழப்பிலிருந்து உடைந்த பக்கம் நோக்கி ஓர் அம்புக்குறி வரைந்தால் அதுவே பனி சென்ற திசை.

பிறகு கற்குவியல்கள். ஏரியின் மேற்குக் கரையில் உள்ள புல் மூடிய சிறு மேடுகளையும், சுவரடியில் விசிறிபோல் சரிந்து கிடக்கும் கற்களையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. சுவரடிக் கற்கள் உறைபனியால் பிளந்து விழுந்தவை. கூர்முனை கொண்டவை, மேலே உள்ள பாறையின் இனமே, பெரியவை கீழே உருண்டு சேர்ந்திருக்கும். மேடுகளோ மொரைன்கள், அதாவது பனியாறு சுமந்து வந்து குவித்தவை. ஓடை அரித்த இடத்தில் உள்ளே பார்த்தால் பெரும்பாறையும் கூழாங்கல்லும் நுண்களிமண்ணும் எந்த ஒழுங்குமின்றிக் கலந்திருக்கும். ஓடும் நீர் கற்களை அளவுவாரியாகப் பிரித்துப் படியவைக்கும். பனி அனைத்தையும் ஒன்றாகவே இறக்கிவிடும். தனித்து நிற்கும் பாறையைக் கண்டால் அதன் கல்லினத்தை அடியில் உள்ள தரையோடு ஒப்பிடுங்கள். யார்க்ஷயரின் நார்பரில் வெளிர்ச் சுண்ணாம்புக்கல்லின் மேல் கருமையான மணற்பாறைகள் அமர்ந்திருக்கின்றன. அவற்றைப் பனிதான் அங்கே கொண்டுவந்து வைத்தது.

இறுதியாகக் காலத்தை வரிசைப்படுத்துங்கள். குழிவும் யூ வடிவமும் ஒரே பனியுகத்தில் உருவானவை அல்ல. கடந்த 26 லட்சம் ஆண்டுகளில் பனி பலமுறை வந்து விலகிய குடைவின் கூட்டு விளைவு அவை. ஏரிக்கரை மொரைன்களோ மிக இளையவை. பெரும்பனி உருகியபின், ஏறத்தாழ 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன் குளிர் திரும்பியபோது, இக்குழிவுக்குள் மட்டும் மீண்டும் வளர்ந்த சிறு பனியாறு விட்டுச்சென்றவை அவை. எனவே உங்கள் குறிப்பேட்டில் இரண்டையும் ஒரே நிறத்தில் வரையாதீர்கள். குடைந்த வடிவங்களுக்கு ஒரு நிறம், படிந்த மேடுகளுக்கு இன்னொரு நிறம், அம்புக்குறிகளுக்கு மூன்றாவது என்று கொள்ளுங்கள். சுத்தியல் கொண்டுபோக வேண்டாம். 1954இல் வேல்ஸின் முதல் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம் கூம் இட்வல். அங்கே தேவையான சான்றுகள் அனைத்தும் மேற்பரப்பிலேயே இருக்கின்றன.