ஏரி வரை ஒரு நடை, உச்சி வரை இன்னொரு நடை: முதல்முறை மலையேறுவோருக்கு

உயர்மலை ஏரிகள் பலவும் பழைய பனியாறுகள் குடைந்த பள்ளத்தில் தேங்கியவை. அதனால்தான் ஏரியை ஒட்டியே முகடுகள் செங்குத்தாக எழுகின்றன. ஏரிக்கரையில் நின்று பார்த்தால் உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். நம்பாதீர்கள்.

படி 1: வரைபடம்

ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சாய்வு குறைவு. ஏரிக்கும் உச்சிக்கும் நடுவே கோடுகள் எப்படி நெருங்குகின்றன என்று பாருங்கள். குறியிட்ட பாதையுள்ள உச்சியாகத் தேர்ந்தெடுங்கள். கையால் பற்றி ஏறவேண்டிய முகடு முதல்முறைக்கு வேண்டாம்.

படி 2: நேரத்தைத் தலைகீழாகக் கணக்கிடுங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான படி. கோடையில் வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, ஈரக்காற்று மேலெழும்பி, பிற்பகலில் இடிமேகமாகத் திரளும். ஆகவே நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கத் தொடங்கிவிட வேண்டும்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உச்சி வரை 5 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டரை மணி நேரம். ஆனால் இது பழகிய கால்களுக்கான கணக்கு, அதில் ஓய்வும் சேராது. புதியவர்கள் பாதி கூட்டிக்கொள்ளுங்கள்: மூன்றே முக்கால் மணி. ஓய்வுக்கு அரை மணி. 11 மணிக்கு உச்சியில் இருக்கவேண்டுமானால் காலை 6.45க்கு நடை தொடங்க வேண்டும்.

திரும்பும் நேரத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 12 மணி என்றால் 12 மணிதான், உச்சி கண்ணெதிரே இருந்தாலும். மேலே போனபின் முடிவெடுத்தால் ஆசைதான் ஜெயிக்கும்.

படி 3: பை

1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். காற்று அடித்தால் இன்னும் குளிரும். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் எளிதில் உலராது, உடம்பைக் குளிரவைக்கும். செயற்கை இழை அல்லது கம்பளி நல்லது. காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட், தலையில் மாட்டும் டார்ச், விசில், சன்ஸ்கிரீன், முதலுதவிப் பொருள்கள், உணவு, தண்ணீர். செல்போனில் வரைபடத்தை முன்பே இறக்கிவைத்து, உள்பாக்கெட்டில் வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும்.

ஏரி கண்ணாடியாகத் தெளிந்திருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். வடிகட்டுங்கள், கொதிக்கவைத்தால் 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவேண்டும்.

படி 4: ஏரியில் ஒரு முடிவு

பேசிக்கொண்டே ஏறமுடிகிற வேகம் போதும். ஏரியை அடைந்ததும் படம் எடுக்கும் முன் கடிகாரத்தையும் மேகத்தையும் பாருங்கள். 2500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ இருந்தால் உச்சியை மறந்துவிட்டு இறங்குங்கள். ஏரியோடு திரும்புவதும் நல்ல நாள்தான். சொல்லப்போனால் பல இடங்களில் ஏரிதான் உச்சியை விட அழகு.

படி 5: கடைசி ஏற்றம்

இங்கே பெரும்பாலும் உதிரிக்கற்கள். ஒருவருக்கு நேர்கீழே இன்னொருவர் நடக்கக்கூடாது. கல் உருண்டால் சத்தம் போட்டுச் சொல்லுங்கள். காலையில் பனித்திட்டு இறுகிக் கிடக்கும். சறுக்கினால் எங்கே போய் நிற்போம் என்று பாருங்கள், பாறையோ ஏரியோ என்றால் அதில் கால் வைக்காதீர்கள். உச்சி வந்துவிட்டது என்று நினைக்கும்போது பின்னால் இன்னொரு உச்சி எழும். சலிக்காமல் கடிகாரத்தைப் பாருங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 வினாடிக்குள் இருந்தால் இடிமேகம் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. முகட்டை விட்டு உடனே இறங்குங்கள். ஏரிக்கரையிலும் தனிமரத்தடியிலும் ஒதுங்கவேண்டாம்.

படி 6: இறக்கம்

முழங்கால் வலிப்பது இறங்கும்போதுதான். சிறு அடிகளாக, முழங்காலைச் சற்று மடக்கி நடங்கள்; ஊன்றுகோல் உதவும்.

ஏரியில் இறங்க ஆசையா? குதிக்காதீர்கள். கடுங்குளிர் நீர் பட்டதும் நம்மை அறியாமலே மூச்சை உள்ளிழுப்போம். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் ஆபத்து. கரையோரமாக, மெல்ல இறங்குங்கள். சோப்பு கூடாது. இயற்கை உபாதைக்கு நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போங்கள்.

வழியில் யாருக்காவது அடிபட்டு நகரமுடியாவிட்டால் நிமிடத்துக்கு ஆறுமுறை விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. மூன்று ஒலி பதிலாகக் கேட்டால் உங்களைக் கவனித்துவிட்டார்கள் என்று பொருள். கிளம்பும்போது பாதையையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருப்பீர்கள். கீழே வந்ததும் முதல் அழைப்பு அவருக்கு. இல்லாவிட்டால் உங்களைத் தேடி மீட்புக்குழு மலையேறும்.